சின்னப் பிள்ளை உள்ள வீட்டு வளவு: குப்பை, கீரை, குடிநீர்

ஊர் திரும்பியதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது கத்தியும் மண்வெட்டியும்தான். வருடக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்த வளவை வெட்டித் துப்புரவாக்கி, வெட்டியதை ஒரு மூலையில் குவித்து, பின்னேரம் நெருப்பு வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கொட்டிலில் சேரும் பொலித்தீன் பைகளும் பிஸ்கற் உறைகளும் வெறும் போத்தல்களும் அதே நெருப்புக்குள் போய்விடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் இதுதான்.

முதற் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. விடுவிக்கப்பட்ட காணிகளிலும் பற்றை வெட்டும்போதும் கிணறு இறைக்கும்போதும் வெடிக்காத எறிகணைகளும் கைக்குண்டுகளும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. மண்ணுக்குள்ளோ சருகுக்குள்ளோ கிடக்கும் வெடிபொருள் நெருப்பின் சூட்டில் வெடிக்கலாம். நெருப்பைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, மற்றவர்கள் அங்கே போகாதபடி தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது காரணம் புகை. பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் எரியும்போது நச்சு வாயுக்கள் வரும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், தங்கள் உடல் எடைக்கு அதிகமான புகையை உள்ளே இழுக்கிறார்கள். பிளாஸ்ரிக் உள்ளிட்ட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் சட்டப்படியும் தடை செய்யப்பட்டுள்ளது.

அப்படியானால் குப்பையை என்ன செய்வது? உக்குவதையும் உக்காததையும் முதல் நாளிலிருந்தே வேறாக்குங்கள். உக்கும் குப்பைக்குக் கிடங்கு தோண்டத் தேவையில்லை. புதிதாக வந்த காணியில் வீணாக மண்ணைக் கிண்டாமல் இருப்பது நல்லதுதானே. ஏறத்தாழ ஒரு மீற்றர் சதுரத்தில் நான்கு தடிகளை ஊன்றி, சுற்றிவரத் தென்னை மட்டையோ பனை மட்டையோ கட்டி, நிலத்துக்கு மேலேயே குவியுங்கள். (தடி ஊன்றும் இடத்தையும் முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கீழே சருகு, அதன்மேல் மரக்கறித் தோலும் சோற்று மிச்சமும், அதன்மேல் கிளிசரிடியா இலையும் கரைத்த மாட்டுச் சாணமும் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பிரட்டினால் மூன்று மாதமளவில் கறுத்து, மண் மணம் வீசும் பசளை கிடைக்கும். மீன், இறைச்சிக் கழிவைப் போட்டால் நாயும் எலியும் வரும்.

உக்காத பொருட்களை ஒரு சாக்கில் சேர்த்து வைத்துப் பிரதேச சபை வண்டியிடம் கொடுங்கள். வண்டி உங்கள் ஒழுங்கைக்கு வருவதில்லையென்றால், கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகச் சபைக்கு எழுத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட அது பலன் தரும். பாழடைந்த கிணற்றுக்குள் மட்டும் எதையும் கொட்டாதீர்கள். அயல் கிணறுகளுக்கும் அதே நிலத்தடி நீர்தான். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு ஏறத்தாழ ஒரு கிழமையில் பெருகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே அவற்றை அகற்றுங்கள். சந்தைக்குப் போகும்போது பனையோலைப் பை ஒன்றைக் கொண்டுபோனால் சேரும் பொலித்தீனும் குறையும். ஒரு காலத்தில் மீன் வாங்க எல்லோரும் உமல்தான் கொண்டுபோனோம், அது ஒன்றும் புதுப் பழக்கமில்லை.

பசளை உருவாகும்வரை காத்திராமல், மணிக்கட்டுப் பருமனான முருங்கைத் தடி இரண்டை மழைக்கு முன் வேலியோரம் நட்டுவிடுங்கள். பொன்னாங்காணியும் பசளியும் தண்டு வைத்தாலே வளரும். உரப்பையில் மண் நிரப்பிக் கத்தரி, மிளகாய், வெண்டி வைக்கலாம். குளிக்கும் தண்ணீரை வாய்க்கால் வெட்டாமல் வாழையடியில் நின்று குளித்தே பாய்ச்சலாம். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு மட்டும் விடாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு, குழைத்த சோறும் பருப்புமாகக் கொடுக்கும்போது ஒரு பிடி முருங்கையிலையை அவித்து மசித்துச் சேருங்கள். இரும்புச்சத்தும் விற்றமின் ஏ சத்தும் அதில் உண்டு. விற்றமின் ஏ உடலில் சேர்வதற்குக் கொஞ்சம் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ வேண்டும். முட்டை, நெத்தலி கிடைக்கும் நாளில் அவற்றையும் மசித்துக் கொடுங்கள். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிடுவோம். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கடையில் தொங்கும் வண்ண வண்ணப் பைக்கற்றுகளில் உப்பையும் சீனியையும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

குடிநீர் விடயத்தில் அவசரப்பட வேண்டாம். கைவிடப்பட்டிருந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்பே குடிக்கப் பாவியுங்கள். அதன் பின்பும் கொதிக்க வைத்து ஆறவிட்டே பிள்ளைக்குக் கொடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் திரும்பியவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே நிலத்தின் கீழ் சுண்ணக்கல் என்பதால், தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் நிலத்தடி நீருக்கு விரைவாகப் போய்ச் சேரும். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்த விடயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைப் பாதிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. வேறு பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலில் கேளுங்கள். புதிய மலசலகூடக் குழி எங்கே வரவேண்டும் என்பதையும் தோண்டுவதற்கு முன் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தகரக் கொட்டிலுக்குள் சமைப்பவர்கள் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றி, காய்ந்த விறகையே எரியுங்கள். தாய் சமைக்கும் நேரம் குழந்தையை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தொலைந்திருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். முன்பு எந்த முகாமில், எந்த வைத்தியசாலையில் தடுப்பூசி போட்டது என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனால், விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவியாக இருக்கும்.