தீவுப் பயணத்தின் முதல் நாள்

விடுமுறை என்றால் சொந்த ஊருக்குப் போவது என்பது நம் குடும்பங்களில் நெடுங்காலமாக ஊறிப்போன வழக்கம். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் குடியேறி இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்த பின்னரும், பள்ளி அடைத்த மறுநாளே பொள்ளாச்சிக்கோ தேனிக்கோ மூட்டை கட்டிவிடுகிறோம். அங்கே ஒரு காதணி விழா, ஒரு கோயில் திருவிழா, பங்காளிகளுக்குள் ஒரு வரப்புத் தகராறு என்று பத்து நாளும் பறந்துவிடும். பார்ப்பதற்கென்றே ஓரிடத்துக்குக் குடும்பத்தோடு செல்வது செல்வந்தர்களின் காரியம் என்று எண்ணியிருந்தோம்.

இப்பொழுது அந்த எண்ணம் தளர்ந்து வருகிறது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குக் கப்பல் போவதையும், சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானம் போவதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். "நாமும் ஒரு தீவுக்குப் போகலாமே!" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் இலட்சத்தீவுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அந்தமானுக்கோ கட்டணம் கனக்கும். இவை இரண்டும் இன்றி, நம் வாசலிலிருந்து ஒரே பகலில் சென்றடையக்கூடிய தீவு ஒன்று உண்டு. அதனைப் புண்ணிய தலம் என்றே சொல்லிச் சொல்லி, அது ஒரு தீவு என்பதையே நம்மில் பலர் மறந்துவிட்டோம். இராமேசுவரத்தைத்தான் சொல்கிறேன். நான்கு புறமும் கடல் சூழ்ந்து, வெண்மணலும் பனையும் முள்மரமும் நிறைந்த பாம்பன் தீவின்மீது அமைந்ததே அந்த ஊர்.

அங்குள்ள கோயிலையும் தீர்த்தங்களையும் பற்றி நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத எண்ணியது வேறொன்று. அத்தீவை அடைவதற்கு முன்னுள்ள அந்த ஒரு நாள், அதாவது பயணத்தின் முதல் நாள், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எத்துணை முக்கியமானது என்பதே அது. சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் சென்றுவந்தபோது கண்டதையும் கேட்டதையும் கொண்டு இதனைச் சொல்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கத்தவர்களுக்கு வழி எளிது. திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரைக்குச் சென்றுகொண்டிருந்த அமிர்தா விரைவு வண்டி, 2025-ஆம் ஆண்டில் இராமேசுவரம் வரை நீட்டிக்கப்பட்டது. மீட்டர் பாதைக் காலத்தில் பாலக்காட்டிலிருந்து நேரே இராமேசுவரத்துக்கு வண்டி ஓடியதைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். அகலப் பாதை வேலைக்காக 2008-இல் மூடப்பட்ட பொள்ளாச்சி - பாலக்காடு தடம் 2015-இல்தான் மறுபடியும் திறந்தது. எனவே இந்த வண்டி நமக்குப் புதிதாகக் கிடைத்த வரம் என்பதைவிட, இழந்த சொத்து மீண்டது என்பதே பொருந்தும்.

விடியுமுன் பாலக்காடு சந்திப்பில் ஏறினோம். கொல்லங்கோட்டு வயல்களும், முதலமடை நிலையத்து ஆலமரங்களும் இருளில் கழிந்தன. மீனாட்சிபுரத்தோடு கேரளம் முடிகிறது. பொள்ளாச்சியைத் தாண்டியதும் கிழக்கு வெளுத்தது. மலையாளப் பள்ளியில் படிக்கும் என் மகள், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழைக்கொண்டு நிலையப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கலானாள். "உ-டு-ம-லை-ப்-பே-ட்-டை" என்று அவள் முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மடத்துக்குளத்தில் வேகம் கூடியது. பழனியில் மலையைக் கண்டு பெட்டி முழுதும் கைகூப்பியபோது, பலகையைப் பார்க்காமலேயே "பழனி!" என்று கூவினாள். ஒட்டன்சத்திரம் வந்ததும், "நம் வீட்டுச் சாம்பாரில் விழும் காய்கறியில் பாதி இந்த ஊர்ச் சந்தையிலிருந்து வருவதுதான்" என்று என் மனைவி சொன்னாள். பாடப்புத்தகத்தில் இல்லாத பூகோளத்தை இப்படித்தானே பிள்ளைகள் கற்கிறார்கள்!

மறையூர், காந்தளூர்ப் பக்கத்தவர்கள் சின்னாறு வழியாக இறங்கி உடுமலையிலேயே இவ்வண்டியைப் பிடிக்கலாம். மூணாறு, பூப்பாறைக்காரர்கள் போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தால், 2023 முதல் அங்கிருந்தும் மதுரைக்கு இரயில் உண்டு. பீருமேடு, வண்டிப்பெரியாறு, குமுளி மக்களுக்குக் கம்பம், தேனி, உசிலம்பட்டி வழியாகப் பேருந்தே வசதி. ஆக, பாலக்காட்டுத் தமிழரும் இடுக்கித் தமிழரும் மூன்று நான்கு திசைகளிலிருந்து இறங்கிவந்து கூடுகின்ற இடம் மதுரை.

அங்கேதான் வண்டிப்பெரியாற்றிலிருந்து வந்த என் பெரியம்மாவும் அவருடைய மகனும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஐயப்ப பக்தர்களால் நிரம்பிய பேருந்தில், குமுளியிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம் அண்ணன். பெரியம்மாவுக்கு யாரோ ஒரு சாமி எழுந்து இடம் கொடுத்தாராம். ஒரு துணிப்பையும், ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீர் நிறைந்த பிளாஸ்க்கும் அவருடைய சாமான்கள். வயது எழுபதைக் கடந்தவர். ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் அழைத்தும் இராமேசுவரத்துக்கு வர மறுத்துவந்தவர். "சாமி எல்லா ஊரிலுந்தான் இருக்கிறார்" என்பதே அவருடைய பதில். இம்முறை என் மகன் தொலைபேசியில் அழுது அடம்பிடித்ததால் இசைந்தார்.

அவரைச் சன்னலோரம் அமர்த்தினோம். பெரியாற்று அணையில் தேங்கும் நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து மதுரைக்கு வருவதை அண்ணன் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1895 முதல் அந்த நீர் இப்படி மலை கடந்து வருகிறது. மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று வைகை செல்லும் திசையிலேயே இருப்புப் பாதையும் செல்கிறது. இராமநாதபுரத்துக்குப் பின் பசுமை குறைந்து, பனைகளும் மணலும் தென்படலாயின. பெரியம்மாவின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

வண்டி மண்டபத்தை நெருங்கியது. "பாட்டி, நீங்கள் இதற்கு முன்னால் தீவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டான் என் மகன்.

"போனதில்லை கண்ணு. நான் தீவிலிருந்து வந்தவள்" என்றார் அவர்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்கே அன்றுவரை முழுதாகத் தெரியாத வரலாற்றை அடுத்த அரைமணி நேரத்தில் பெரியம்மா சொன்னார். அவரும் என் அன்னையும் இலங்கையில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டனார் திருச்சிச் சீமையிலிருந்து கங்காணியோடு நடந்து, மண்டபம் முகாமில் அடைபட்டிருந்து, பிறகு கப்பலேறியவர். தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்கென்று நிறுத்திவைத்து, மருந்திட்டுச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் என்று அந்த வழி அமைந்திருந்தது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டது 1974-இல். காகிதத்தில் இவை எண்கள். லயங்களில் அவை அண்ணன் தம்பிகளாகவும் தாய் மக்களாகவும் இருந்தன. பெரியம்மாவின் மூத்த அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. பெற்றோருக்கும் இரு பெண்களுக்கும் இந்தியா என்று தீர்ந்தது. 1970-களில், தம் இருபதாவது வயதில், பெரியம்மா தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். அண்ணன் வழியனுப்ப இரயில் நிலையம் வரை வந்தாராம். அதன் பின் அவரைக் கண்டதில்லை.

மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கியபின், எங்கெங்கோ வேலை தேடி அலைந்து, இறுதியில் கேரள வன வளர்ச்சிக் கழகம் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுத்த கவி ஏலத் தோட்டத்தை அடைந்தது அக்குடும்பம். என் அன்னை மணமாகிச் சித்தூருக்கு வந்தார். பெரியம்மா மலையிலேயே நின்றுவிட்டார். 1980-களின் நடுவில், போர்ச் சூழலில் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று.

"இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அண்ணன் முகந்தான் முன்னால் வரும், தம்பி. அதனால்தான் நான் வரவில்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் வண்டி புதிய பாம்பன் பாலத்தில் ஏறியது. பிள்ளைகள் சன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் இப்புதிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது கிணற்று வாளிபோல் செங்குத்தாக மேலே தூக்கப்படுகிறது.

பாலத்தோடு நம் பாலக்காட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு சென்ற இரயிலொன்றைக் கடல் விழுங்கியது. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. பாலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு ஓர் இளம் பொறியாளரிடம் அளிக்கப்பட்டது. ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிடப்பட்ட வேலையை அவர் 46 நாட்களில் முடித்தார். 1932-இல் இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பயின்ற இ. ஸ்ரீதரன் அவர்களே அவர். பின்னாளில் கொங்கண் இரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்றார். பெரியம்மா வந்திறங்கி மண்டபத்துக்குச் சென்றது அவர் நிமிர்த்தி வைத்த அந்தப் பாலத்தின் வழியாகத்தான். "அப்படியா! நம்ம பக்கத்துப் பிள்ளையா கட்டினது?" என்று பெரியம்மா வியந்தார். அன்று அவர் முகத்தில் தோன்றிய முதற் புன்னகை அது.

நண்பகல் கடந்து இராமேசுவரம் சேர்ந்தோம். அறையில் உணவருந்தி இளைப்பாறிய பின், மாலையில் கடற்கரைக்குச் சென்றோம். பிள்ளைகள் அலையில் குதித்தார்கள். பெரியம்மா கரையில் நின்று கிழக்கே நோக்கினார். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு அதைவிட அதிகம். என் மகன் ஈரக் கையோடு ஓடிவந்து அவர் கையைப் பற்றி, "பாட்டி, உங்கள் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கிறார்களா?" என்று கேட்டான். "இருப்பார்கள். உனக்கு மாமன் முறை ஆக வேண்டும்" என்றார். அன்றிரவே அண்ணன், அட்டன் பக்கத்துத் தோட்டத்தின் பெயரையும் மாமாவின் முழுப்பெயரையும் பெரியம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடலாயிற்று என்பதை அவருக்குச் சொன்னேன். "முதலில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்" என்றார். ஐம்பது ஆண்டுகளாக அவர் அந்த அளவுக்குக்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் முதல் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று யாவரும் காண்பவற்றையே நாங்களும் கண்டோம். ஆயினும் எங்கள் பயணத்தின் பெரும்பேறு முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. இரவு வண்டியில் படுத்துறங்கிப் போயிருந்தால், மண்டபம் எப்போது வந்தது என்பதே எவருக்கும் தெரிந்திராது. பெரியம்மாவும் வாய் திறந்திருக்க மாட்டார்.

ஆகவே வாசகர்களுக்குச் சில யோசனைகள். கூடுமானவரை பகற்பயணமாக அமைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. விடுமுறைக் காலத்தில் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். புறப்படுமுன் வண்டி நேரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாம்பனில் காற்று மிகுந்தால் வண்டியை நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே சேர்ந்த அன்றே எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள். கூடி உண்ணும்போதுதான் பேச்சு வளரும். வீட்டிலுள்ள முதியோரை, "உங்களால் முடியாது" என்று சொல்லி விட்டுச் செல்லாதீர்கள். அவர்களைச் சன்னலோரம் அமர்த்தி, பிள்ளைகளை அவர்கள் அருகே உட்கார வையுங்கள்.

நம்மவர் பலரும் பிழைப்பின் பொருட்டு எங்கெங்கோ நடந்தும் கடல் கடந்தும் வந்து இம்மலையடிவாரங்களில் தங்கியவர்கள். அவர்கள் சுமையோடு வந்த வழியில் நம் பிள்ளைகள் இன்று விடுமுறைக்காகச் செல்கிறார்கள். அவர்கள் வந்த கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குள் அவர்களிடம் கேளுங்கள்.