ஐந்து சென்ட் தோட்டமும் ஆயிரம் லிட்டர் தண்ணீரும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டக் கீரமங்கலத்தையும் விடவில்லை. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாழை படுத்துவிட்டது. பூந்தோட்டங்கள் நாசமாயின. மரங்களோடு மின்கம்பங்களும் விழுந்தன. முதலில் ஊருக்குள் கம்பம் நட்டு, தெருவுக்கு வெளிச்சம் கொடுத்து, பிறகுதான் வயற்காட்டு இணைப்புகளுக்கு வர முடிந்தது. ஆலங்குடி வட்டாரக் கிராமங்களில் அதற்குப் பல வாரங்கள் பிடித்தன. குடிதண்ணீருக்கே வாடகை ஜெனரேட்டரை வைத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். தோட்டத்தில் போர் இருந்தது, போருக்குள் தண்ணீரும் மோட்டாரும் இருந்தன. ஆனாலும் புயலில் தப்பிய செடிக்கு ஒரு குடம் ஊற்ற வழியில்லை.

புயல் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அன்று எல்லோருக்கும் வந்த அந்தச் சங்கடம் சிலருக்கு இன்றும் தினசரி வாழ்க்கையாக இருக்கிறது. விவசாய மின் இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருப்பவர்கள், கம்பி போகும் பாதையிலிருந்து எட்டி நிலம் வைத்திருப்பவர்கள், குத்தகை நிலத்தில் நாலு பாத்தி கத்தரியும் வெண்டையும் போடுபவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். இணைப்பு இருப்பவருக்கும் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வருவதில்லை. எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்குத்தான் மோட்டார் போட முடியும்.

இந்தக் கட்டுரை பெரிய வயலைப் பற்றியது அல்ல. வீட்டுக்கும் ஊர்ச் சந்தைக்கும் காய் கொடுக்கும் ஐந்து சென்ட் தோட்டத்தைப் பற்றியது. அதற்கு மின்வாரியத்தின் கம்பி இல்லாமல் தண்ணீர் விட முடியுமா?

முடியும். ஆனால் எல்லோரும் எடுத்தவுடன் கேட்பது, 'எந்த பம்பு வாங்கலாம்?' என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது?

நம் ஊர் வெயிலில் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம் என்பதால், சென்டுக்கு 200 லிட்டர். ஐந்து சென்டுக்கு ஆயிரம் லிட்டர். மாடியில் பார்க்கிறோமே, ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி, அதில் தினமும் ஒரு தொட்டி.

அந்த ஆயிரம் லிட்டரை 20 அடி ஆழக் கிணற்றிலிருந்து ஏற்ற எவ்வளவு உழைப்பு வேண்டும்? ஒரு லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல். 20 அடி என்பது 6 மீட்டர் என்றால், மொத்தம் 59,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. சலிக்காமல் வேலை செய்யும் ஓர் ஆள் நொடிக்கு 60 ஜூல் அளவுக்குத் தொடர்ந்து உழைக்க முடியும். சேதாரம் எதுவும் இல்லையென்றால் கால் மணி நேர வேலை. சிந்துவது, உராய்வில் போவது எல்லாம் சேர்த்தால் அரை மணி. அதே தண்ணீர் 300 அடியில் இருந்தால்? சேதாரம் இல்லாமலே நாலு மணி நேரத்தைத் தாண்டும். சேதாரத்தோடு பார்த்தால் ஒரு முழு நாள் கூலி.

நம் தாத்தாக்கள் மின்சாரம் இல்லாமல் விவசாயம் பார்த்ததன் பின்னணி இந்தக் கணக்குதான். ஏற்றமும் கவலையும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஏற்றத்தில் ஒருவர் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். கவலையில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுத்துச் சால் மேலே வரும். அவர்களுடைய தண்ணீர் மாட்டுக்கும் மனிதனுக்கும் எட்டும் ஆழத்தில் இருந்தது. நீரிறைக்க எண்ணெய் இன்ஜினைப் பயன்படுத்தலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முனைந்து பரப்பினார். பிறகு மின்மோட்டார் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1989-இல் பொறுப்பேற்ற கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. எத்தனையோ குடும்பங்களை அது நிமிர்த்தியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கிணறு போராகி, போர் பல நூறு அடிக்குப் போன பிறகு, கம்பி அறுந்தால் தோட்டமும் அறுந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டோம்.

ஆகவே வழிகளை ஆழத்தை வைத்தே பிரிக்க வேண்டும். தரைமேல் உட்கார்ந்து உறிஞ்சும் எந்த பம்பும், மின்சாரத்தில் ஓடினாலும் பெட்ரோலில் ஓடினாலும் காலால் மிதித்தாலும், 7 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை ஒழுங்காக எடுக்காது. காற்றின் அழுத்தம் தாங்குவதே ஏட்டளவில் 10 மீட்டர்தான். எனவே குளத்தங்கரை நிலம், பண்ணைக்குட்டை, மேல்மட்டக் கிணறு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுக்கு மிதி பம்பே போதும். வங்கதேசத்தில் 1970-களின் இறுதியில் உருவான இந்த எளிய கருவி, மூங்கில் மிதிகட்டையோடு அங்கே பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கைக்கு வலு குறைவு, காலுக்கும் உடல் எடைக்கும் வலு அதிகம் என்பதுதான் அதன் சூட்சுமம். நம் ஏற்றத்தில் ஏறி நடந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கும் கீழே, 150 அடிக்குள் தண்ணீர் நின்றால் அடிபம்பு உண்டு. தெருக்களில் நாம் பார்க்கும் இந்தியா மார்க் 2 நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில் தரும். ஆழம் கூடக் கூட அடிப்பது கடினமாகும், வரத்தும் குறையும். ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை மணி நேரமாவது அடிக்க வேண்டும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தால் முடியும் வேலைதான். ஆனால் சொந்த போரில் பொருத்த வேண்டும். தெருக்குழாயில் தோட்டத்துக்கு எடுப்பது முறையல்ல.

கீரமங்கலம் பகுதியில் பல போர்களுக்கு இந்த இரண்டும் எட்டாது. அங்கே சூரியசக்தி தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆயில் இன்ஜினும் ஜெனரேட்டரும் அவசரத்துக்கு உதவும். ஆனால் டீசல் விற்கும் விலையில் தினமும் ஓட்டினால் கத்தரிக்காய் விற்ற காசு டாங்குக்கே போகும். சுற்றிலும் தென்னையும் பலாவும் அடர்ந்த நிலத்தில் காற்றாடி பம்பும் சரிப்படாது.

சூரியசக்திக்கு நாம் நினைக்கும் அளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. 300 அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் ஏற்ற, பம்பின் சேதாரம் எல்லாம் சேர்த்து முக்கால் யூனிட் மின்சாரம் போதும். 300 வாட் பலகை இரண்டு இருந்தால், வெயில் நாளில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். நேர்மின்னோட்டத்தில் ஓடும் சிறிய நீர்மூழ்கி மோட்டார், பலகை, நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. பேட்டரி வாங்காதீர்கள். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிப்பதை விட, தொட்டியில் தண்ணீரைச் சேமிப்பது மலிவு. வெயில் அடிக்கும்போது மோட்டார் தானாக ஓடித் தொட்டியை நிரப்பட்டும். நீங்கள் சாயங்காலம் வந்து மடை திறந்தால் போதும். பலகை மீது தென்னை நிழல் விழக் கூடாது. ஒரு மட்டையின் நிழல்கூட மின்சாரத்தைப் பெரிதும் குறைத்துவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் சூரியசக்தி பம்புசெட் கொடுக்கிறது. மத்திய அரசின் பி.எம். குசும் திட்டமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் வயலுக்கான, 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்கள். ஐந்து சென்ட்காரருக்கு அது பெரிய சட்டை. இவர்களுக்கென்று அரை, ஒரு குதிரைத்திறன் பம்புக்கும் மானியம் வர வேண்டும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளிடம் காசே வாங்காமல் நூறு சதவீத மானியம் தரும் தமிழக அரசுக்கு இது பெரிய செலவாக இருக்காது.

ஏற்றிய தண்ணீரைச் சிந்தாமல் இறக்குவது அடுத்த பாதி. தொட்டியை ஒரு மீட்டர் உயர மேடையில் வைத்தாலே, ஐந்து சென்டுக்குக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் சொட்டுநீர்க் குழாயை இணைக்கலாம். மோட்டார் வேண்டாம். ஒரு வடிகட்டி மட்டும் அவசியம், இல்லையென்றால் சொட்டுத் துளை அடைத்துக்கொள்ளும். பாத்தி மேல் வைக்கோலோ, தென்னை ஓலையோ, கடலைக் கொடியோ போட்டு மூடாக்கு அமைத்தால் வெயில் குடிக்கும் தண்ணீர் குறையும். செம்மண்ணில் இந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டே அறியலாம். பூசணி, சுரை, பாகல் போன்ற கொடிகளுக்குச் சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பிவைப்பது இன்னொரு முறை. சீனாவில் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதிவைத்த உத்தி இது. பானையின் நுண்துளை வழியாக, வேர் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் கசியும். புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்யும் கைகள் உள்ள மாவட்டத்தில் பானைக்கா பஞ்சம்?

மழையையும் கணக்கில் எழுதுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர் விழுகிறது. சற்று வழிந்து வீணானாலும் நாலு நாள் தோட்டத் தண்ணீர் அது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆழம்தான். கஜாவுக்கு அடுத்த ஆண்டு, 2019-இல், கொத்தமங்கலத்திலும் பேராவூரணிப் பக்கத்திலும் இளைஞர்கள் அரசுக்குக் காத்திராமல் தங்கள் கைக்காசில் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினார்கள். அவர்கள் கரையை உயர்த்தியது குளத்துக்காக மட்டுமல்ல. குளத்தில் நிற்கும் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் ஊறி, நீர்மட்டம் பத்தடி ஏறினால் ஆயிரம் லிட்டருக்கு ஒவ்வொரு நாளும் பத்தடி உழைப்பு மிச்சம். பலகை குறையும், மோட்டார் சிறுக்கும், கம்பி அறுந்தாலும் தோட்டம் பிழைக்கும்.

பம்பு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், ஒரு நீளக் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். போர் என்றால், பம்பு போட்டவரிடம் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சித்திரையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை அளந்து, அடியையும் தேதியையும் சுவரில் எழுதிவையுங்கள். உங்கள் தோட்டத்துக்கு எந்த பம்பு என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.