பணம் யார் பெயரில் வருகிறது?

ஆராய்ச்சிக்குப் போகும் வழி – 6

காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியில் படித்துவிட்டு, பிஎச்.டி. ஆசையோடு நெடுஞ்சாலைக்கு வரும் பெண்ணுக்கு இரண்டு திசைகள். வடக்கே பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூரு. அங்கே இந்திய அறிவியல் கழகம். தெற்கே ஏறினால் தர்மபுரி, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் கருப்பூர். அங்கே பெரியார் பல்கலைக்கழகம். ஆனால், மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்டால் இரண்டு ஊரிலும் வேறு வேறு பதில்.

பெங்களூரில் இடம் கிடைத்தாலே உதவித்தொகையும் கிடைத்த மாதிரிதான். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. இடம் வேறு, பணம் வேறு. அதனால்தான் இங்கே கைடைப் பார்க்கப் போகிற பிள்ளைகள், “சார், ப்ராஜெக்ட் ஏதாவது இருக்கா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பதிலுக்கு அவர், “நீ ஜேஆர்எஃப் வாங்கியிருக்கியாம்மா?” என்கிறார். இருவரும் விசாரிப்பது ஒன்றைத்தான்: பணம் யார் பெயரில் வரும்?

முதலில் மாணவி பெயரில் வரும் பணம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000; வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். 2024 முதல் அதே தேர்வில் ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்றொரு தகுதியும் தருகிறார்கள். அதில் இடம் கிடைக்கும், பணம் கிடைக்காது. நெட் இல்லாதவர்களுக்கு யுஜிசி தரும் மாதம் 8,000 ரூபாயும் மத்தியப் பல்கலைக்கழகங்களோடு சரி, கருப்பூருக்கு வராது. தமிழக அரசு தேர்வு வைத்துத் தரும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேரமாக ஆய்வு செய்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகையும் உண்டு.

இதெல்லாம் கிடைக்காதவர்களுக்கு மிஞ்சுவது கைடின் ப்ராஜெக்ட். பேராசிரியர் ஒரு திட்டம் எழுதி ஒன்றிய அரசின் நிதி அமைப்புகளுக்கு அனுப்புகிறார். முன்பு அது எஸ்இஆர்பி. இப்போது 2023 சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. திட்டம் தேறினால் கருவிக்கு இவ்வளவு, ரசாயனத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பணம் வரும். அந்த ஆள் சம்பளம்தான் மாணவியின் உதவித்தொகை. போன ஆண்டுப் பணத்துக்குப் பயனீட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை வரும். அது எங்காவது ஒரு மேசையில் தங்கிவிட்டால் ஹாஸ்டல் மெஸ் பாக்கி ஏறும். அந்த மாதங்களில் சொந்தச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கைடுகளும் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கால அளவு. ப்ராஜெக்ட் பெரும்பாலும் மூன்று ஆண்டு. பிஎச்.டி.க்கு 2022 யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை. சலுகை ஆண்டுகளுக்கு விதி இருக்கிறது, உதவித்தொகை இல்லை. ஆய்வு சூடு பிடிக்கும் நான்காவது ஆண்டில் பணம் நின்றுபோகும். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுவதும் அப்போதுதான்.

அமெரிக்காவிலும் பல துறைகளில் மாணவர்களுக்குப் பணம் தருவது பேராசிரியரின் மானியம்தான். கல்விக் கட்டணத்தையும் அதுவே கட்டும். ஆனால் மானியம் தீர்ந்தால் வகுப்பெடுக்கும் உதவியாளர் வேலை கொடுத்துத் துறை தாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இல்லாதது அந்த இரண்டாவது கைதான்.

பணம் யார் பெயரில் வருகிறது என்பது வெறும் கணக்கு விஷயமல்ல என்பதை ராமானுஜன் அறிந்திருந்தார். 1911-இல் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கைப்பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைக் கணக்குப் போடவிட்டார். கொடுத்தவருக்கு மனக்குறை இல்லை. வாங்கியவருக்குத்தான் ஒருவருக்குப் பாரமாக நெடுநாள் இருக்க மனமில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். பட்டம் இல்லாத அவருக்கு 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தந்தால் போதும். இந்த முறை பணம் அவர் பெயரில் வந்தது. மறுக்கவில்லை.

ஜேஆர்எஃப் வாங்கிய பெண்ணுக்குக் கைடு ஒத்துவராவிட்டால், பல்கலைக்கழக அனுமதியோடு வேறு கைடுக்கு மாறலாம். பணம் கூடவே போகும். ப்ராஜெக்டில் சேர்ந்த பெண் மாறினால் பணம் கைடிடமே நின்றுவிடும். கைடு நல்லவராக இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அவர் நல்லவராக இருப்பதை மட்டும் நம்பி ஒரு ஏற்பாடு இருக்கலாமா என்பதே கேள்வி. மாநில அரசோ பல்கலைக்கழகமோ எல்லா முழுநேர ஆய்வாளருக்கும் அவரவர் பெயரிலேயே, சிறிய தொகையாவது, ஐந்து ஆண்டு தர வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை, சேரும் முன் மூன்று விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். ப்ராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது? அதன் பிறகு என்ன ஏற்பாடு? இதே கைடிடம் முன்பு படித்தவர்கள் நான்காம் ஆண்டை எப்படிச் சமாளித்தார்கள்? மூன்றாவது கேள்வியைக் கைடிடம் கேட்க வேண்டாம். அந்த சீனியர்களிடமே கேளுங்கள்.

(அடுத்த வாரம்: கௌரவ விரிவுரையாளர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி.)