உட்பகை – 7: லியு ஷாவ்சி

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் 1945 முதல் 1966 வரை மாவோவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் லியு ஷாவ்சி. ஹுனான் மாகாணத்தின் நிங்சியாங் வட்டத்தில், ஓரளவு நிலபுலன் உள்ள குடும்பத்தில் 1898 நவம்பர் 24 அன்று பிறந்தார். மாவோவும் அதே மாகாணத்துக்காரர். லியு 1921இல் மாஸ்கோ சென்று, கீழைநாட்டு உழைப்பாளர்களுக்கென அங்கே நடந்த கம்யூனிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். கட்சி உறுப்பினரானதும் அங்கேதான். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியவரைக் கட்சி ஆன்யுவான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பியது. செப்டம்பரில் சுரங்கத்திலும் ரயில்பாதையிலும் வேலை பார்த்த சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் சார்பாக நிர்வாகத்திடம் பேசப் போனவர் 23 வயது லியு. ஐந்தாம் நாள் நிர்வாகம் பணிந்தது.

அதன்பின் ஷாங்காய், வூஹான், மஞ்சூரியா என்று தொழிற்சங்கத்திலும் தலைமறைவு வேலையிலும் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. கட்சிக்குள் அவருடைய பெயரை நிலைநாட்டியது 1939 ஜூலையில் கட்சித் தலைமையின் தளமான யெனானில் நிகழ்த்திய சொற்பொழிவுகள். ‘சிறந்த கம்யூனிஸ்ட் ஆவது எப்படி’ என்று நூலாகி, தமிழ் உள்படப் பல மொழிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. கன்பூசியஸ், மென்சியஸ் மேற்கோள்கள் கலந்த அந்நூலின் சாரம் எளிது: உறுப்பினர் தன் நலனைக் கட்சி நலனுக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படுத்த வேண்டும், தோழர்கள் தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டு அநீதி இழைத்தாலும் பொறுத்துப்போக வேண்டும். 1945இல் ஏழாவது கட்சி மாநாட்டில் புதிய அமைப்பு விதிகளை முன்வைத்துப் பேசியவரும் அவரே. ‘மாவோ சேதுங் சிந்தனை’ கட்சியின் வழிகாட்டி என்று அந்த விதிகளில்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. தனிமனிதரைக் கட்சியின் உச்சியில் ஏற்றிவைத்த அந்தக் காரியத்தை லியு மனமுவந்து செய்தார்.

1959 ஏப்ரலில் மாவோ விட்டுக்கொடுத்த குடியரசுத் தலைவர் பதவிக்கு மக்கள் காங்கிரஸ் லியுவைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு கோடையில், உற்பத்தியை வேகமாகப் பெருக்க மாவோ முன்னின்று நடத்திய ‘மாபெரும் பாய்ச்சல்’ திட்டத்தின் கேடுகளைச் சுட்டி மாவோவுக்குக் கடிதம் எழுதினார் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய். லூஷான் மலையில் கூடிய மத்தியக் குழு அவரைக் கட்சி விரோதி என்று முத்திரை குத்திப் பதவியிலிருந்து இறக்கியது. லியு மாவோவின் பக்கம் நின்றார். கடிதத்தில் இருந்தது உண்மை என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே நேரில் கண்டார். 1961 வசந்தத்தில் ஹுனான் கிராமங்களில் 44 நாள் தங்கி, அந்தத் திட்டத்தை ஒட்டி வந்த பஞ்சத்தைப் பார்த்தார். சொந்த ஊராரிடம் மன்னிப்பும் கேட்டார். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்களின் கணக்குகள் வேறுபடுகின்றன.

1962 ஜனவரியில் பெய்ஜிங்கில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்சி ஊழியர்கள் கூடிய மாநாட்டில், பஞ்சத்துக்குக் காரணம் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதர் செய்த தவறு என்று ஹுனான் விவசாயிகள் தம்மிடம் சொன்னதை லியு வெளிப்படையாகப் பேசினார். அந்த ஏழு பங்கு யார் கணக்கில் சேரும் என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு ஜூலையில் இத்தனை பேர் பட்டினியால் செத்ததற்கு வரலாறு நம் இருவரையும் கேட்கும் என்று மாவோவின் முகத்துக்கு நேரே சொன்னதாகக் குடும்பத்தினர் பின்னாளில் எழுதினார்கள். ஆனால், அந்த ஜனவரி மாநாட்டிலேயே மற்றவர்கள்மீதான பழியைத் துடைக்கலாம், பெங் தெஹுவாய்க்கு மட்டும் அது கிடையாது என்றும் அவர் பேசியிருந்தார். லியுவின் பிற்காலத்தைப் படிப்பவர்கள் தாண்டிச் செல்ல முடியாத பேச்சு இது.

1965 ஜனவரியில் மக்கள் காங்கிரஸ் அவரை மீண்டும் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பர்மா பயணம் கிளம்பினார். அவர் வெளிநாட்டில் இருந்த வேளையில் அவருடைய நெருங்கிய சகாவான பெய்ஜிங் மேயர் பெங் ஜென்னை வீழ்த்துவதற்கான வேலை முடிந்திருந்தது. மாவோ முடுக்கிவிட்ட கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும், கொந்தளித்த பல்கலைக்கழகங்களுக்குக் கட்சியின் பணிக்குழுக்களை அனுப்பினார் லியு. கட்சி பழகிய நடைமுறை அதுதான். மாவோ அப்போது தலைநகரில் இல்லை. திரும்பி வந்து, பணிக்குழுக்கள் மாணவர்களை ஒடுக்கின என்றார். ஆகஸ்ட் 5 அன்று ‘தலைமையகத்தைத் தாக்குங்கள்’ என்று அவர் எழுதிய சுவரொட்டியில் லியுவின் பெயர் இல்லை. ஒரு வாரத்துக்குள் அரசியல் குழு வரிசையில் லியு இரண்டாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்குப் போனார்; இரண்டாம் இடம் பெங் தெஹுவாய்க்குப் பின் பாதுகாப்பு அமைச்சரான லின் பியாவுக்குக் கிடைத்தது.

1967 ஜனவரி 6 அன்று சிங்குவா பல்கலைக்கழக மாணவர் படையான செங்காவலர்கள், லியுவின் மகள் விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் கிடப்பதாகப் பொய்ச் செய்தி அனுப்பி, ஓடிவந்த தாய் வாங் குவாங்மெய்யைப் பிடித்துச் சென்றார்கள். ஒரு வாரம் கழித்து லியு மாவோவைக் கடைசியாகச் சந்தித்தார். பதவிகள் அனைத்தையும் விட்டுவிட்டு, மனைவி மக்களோடு யெனானுக்கோ சொந்த ஊருக்கோ போய் விவசாயம் பார்க்க அனுமதி கேட்டார். மாவோ சில புத்தகங்களைப் படிக்கச் சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி கூறி அனுப்பினார். சில நாளில் லியு வீட்டுத் தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

ஏப்ரலில் சிங்குவாவில் பெருங்கூட்டத்தின் நடுவே வாங் குவாங்மெய்யை நிறுத்தினார்கள். 1963இல் இந்தோனேசியாவுக்குக் கணவருடன் போனபோது அணிந்ததைப் போன்ற பட்டு உடையை வலுக்கட்டாயமாக மாட்டி, கழுத்தில் முத்துமாலைக்குப் பதில் மேசைப்பந்துகளைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். பத்திரிகைகள் லியுவை ‘சீனத்தின் குருஷேவ்’ என்றும், ‘முதலாளித்துவப் பாதையில் செல்பவர்களில் முதன்மையானவர்’ என்றும் மட்டும் குறிப்பிட்டன. ஒன்றரை ஆண்டு கண்டனக் கட்டுரைகளில் அவருடைய பெயரே அச்சாகவில்லை. ஆகஸ்ட் 5 அன்று, சுவரொட்டியின் முதலாண்டு நிறைவாக, தலைவர்கள் குடியிருந்த ஜோங்நான்ஹாய் வளாகத்துக்குள்ளேயே அவரை நிறுத்தித் தள்ளினார்கள், அடித்தார்கள். அறைக்குத் திரும்பிய லியு அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தாம் குடியரசின் தலைவர் என்றும், தம்மைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் மக்கள் காங்கிரசுக்கே உண்டு என்றும் வாதாடினார். சட்டப்படி அது முற்றிலும் சரி. கேட்க நீதிமன்றம் இல்லை. கட்சியின் முடிவுக்கு மேலே மேல்முறையீடு கிடையாது என்ற நிலையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

குற்றத்துக்குச் சான்று தேட ஒரு தனிக்குழு அமைந்தது. அதை நடத்தியவர்கள் மாவோவின் மனைவி ஜியாங் சிங், உளவுத்துறையில் தேர்ந்த காங் ஷெங், பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஷியே ஃபூஜி. 1925இல் சாங்ஷாவில் கைதானபோதும், 1927இல் வூஹானிலும், 1929இல் ஷென்யாங்கில் கைதானபோதும் லியு எதிரிக்குப் பணிந்து தோழர்களைக் காட்டிக்கொடுத்தார் என்று நிறுவ வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய சங்கதிகள் என்பதால் எழுத்துச் சான்று சொற்பம்; உயிரோடிருந்த பழைய தோழர்களைச் சிறைப்பிடித்து விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஷென்யாங்கில் லியுவோடு கைதான மெங் யுங்சியான் நெருக்கடியில் எழுதிக்கொடுத்ததை, அது பொய் என்று பிறகு பலமுறை எழுதி மறுத்தார். மறுப்புகளை விசாரணைக் குழு மறைத்துவிட்டு, முதல் வாக்குமூலத்தை மட்டும் மேலே அனுப்பியது.

வேறொரு பழியும் தனியே வளர்ந்தது. 1936இல் வடசீனக் கட்சி அமைப்பின் பொறுப்பில் இருந்த லியு, பெய்பிங் (பெய்ஜிங்) சிறையில் கிடந்த கம்யூனிஸ்டுகள், கம்யூனிசத்தை மறுப்பதாகக் கோமிண்டாங் அரசு கேட்ட அறிக்கையில் கையெழுத்திட்டு வெளியே வரலாம் என்று யோசனை சொன்னார். மத்தியத் தலைமை அதை ஏற்றது. அப்படி விடுதலையானவர்களில் போ யிபோ உள்படப் பலர் பின்னர் உயர் பதவிக்கு வந்திருந்தார்கள். 1967இல் அவர்கள் ‘61 துரோகிகள்’ ஆனார்கள்.

1968 அக்டோபரில் மத்தியக் குழு கூடியது. எட்டாவது மாநாடு தேர்ந்தெடுத்த 97 முழு உறுப்பினர்களில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். வந்தவர்கள் 40 பேர்தான். பெரும்பாலான மற்றவர்கள் சிறையிலோ காவலிலோ இருந்தார்கள். மாற்று உறுப்பினர் பத்துப் பேரை முழு உறுப்பினராக்கிப் பெரும்பான்மையை ஈடுகட்டினார்கள். துரோகி, உள்ளிருந்து காட்டிக்கொடுத்தவர், கருங்காலி என்று லியுவைக் கட்சியிலிருந்து நிரந்தரமாக நீக்கி, அரசுப் பதவியையும் கட்சியே பறித்தது. பிரதமர் சூ என்லாய் உள்பட எல்லோரும் கை தூக்கினார்கள். தூக்காதவர் ஒருவர், பெண் தொழிற்சங்கத் தலைவர் சென் ஷாவ்மின். முடிவை லியுவிடம் சொல்லத் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் 24, அவருடைய எழுபதாவது பிறந்தநாள்.

ஆன்யுவான் தொழிலாளரின் தலைவருக்குக் கருங்காலிப் பட்டம் என்றால் ஆன்யுவானின் வரலாற்றையும் திருத்தியாக வேண்டும். அங்கே லியு தொழிலாளரை நடத்திச் செல்வதாக 1961இல் ஹோ யிமின் வரைந்த ஓவியம் ஒழிக்கப்பட்டது. இளம் மாவோ குடையும் கையுமாகத் தனியே ஆன்யுவானுக்கு நடந்து வரும் புதிய ஓவியம் 1967இல் உருவாகி, கோடிக்கணக்கில் அச்சாயிற்று. பெய்ஜிங்கில் மலக்கூடை சுமந்த துப்புரவுத் தொழிலாளி ஷி சுவான்சியாங்குடன் 1959இல் குடியரசுத் தலைவர் கைகுலுக்கிய புகைப்படம் நாடெங்கும் வெளியாகியிருந்தது. அதே படத்துக்காக அந்தத் தொழிலாளியையும் கருங்காலி என்று வதைத்தார்கள்; அவர் 1975இல் இறந்தார். லியு வழக்கையொட்டி நாடு முழுவதும் 22,000க்கும் மேற்பட்ட வழக்குகளில் 28,000க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டதாகப் பின்னாளில் அதிகாரபூர்வக் கணக்கு வெளியானது. மூத்த மகன் லியு யுன்பின் அணுத்துறை விஞ்ஞானி. 1967 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார்.

நீரிழிவும் நுரையீரல் அழற்சியும் முற்றிப் படுக்கையில் விழுந்த லியுவுக்கு மூக்கின் வழியே குழாய் வைத்து உணவு செலுத்தினார்கள். 1969 இலையுதிர் காலத்தில், சோவியத் தாக்குதல் அச்சத்தைச் சொல்லி முக்கியப் புள்ளிகளைத் தலைநகரிலிருந்து அகற்றியபோது, அக்டோபர் 17 அன்று அவரைப் போர்வையால் சுற்றித் தூக்குப்படுக்கையில் கிடத்தி விமானத்தில் ஹெனான் மாகாணத்தின் கைஃபெங் நகருக்குக் கொண்டுபோனார்கள். முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தில் காவலில் வைத்தார்கள். நவம்பர் 12 காலை 6:45க்கு உயிர் பிரிந்தது. தொற்றுநோயாளி என்று சொல்லி இரவில் எரித்தார்கள். தகனப் பதிவேட்டில் எழுதிய பெயர் லியு வெய்ஹுவாங். அது இளமையில் அவரே வைத்துக்கொண்டிருந்த பெயர். தொழில் என்ற இடத்தில் ‘வேலையற்றவர்’. தந்தை இறந்த செய்தி பிள்ளைகளுக்கு 1972இல்தான் தெரிந்தது, சிறையில் இருந்த தாயைப் பார்க்க அனுமதி கேட்டு மாவோவுக்கு எழுதியபோது.

மாவோ 1976இல் இறந்தபின் சக்கரம் மெல்லத் திரும்பியது. 1978 டிசம்பரில் வாங் குவாங்மெய் விடுதலையானார். 1980 பிப்ரவரியில் மத்தியக் குழு, 1968 தீர்மானத்தை ரத்துசெய்து, லியுமீதான குற்றச்சாட்டுகள் புனையப்பட்டவை என்று அறிவித்தது. மே 17 அன்று நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் தெங் சியாவோபிங் இரங்கலுரை வாசித்தார். எங்கெல்சின் அஸ்தியைப் போலத் தம்முடையதையும் கடலில் கரைக்க வேண்டும் என்ற லியுவின் விருப்பப்படி, இரண்டு நாள் கழித்து சிங்தாவ் துறைமுகத்துக்கு அப்பால் கடற்படைக் கப்பலிலிருந்து சாம்பலைத் தூவினார்கள். அவருடைய சொற்பொழிவு நூல் மீண்டும் அச்சுக்குப் போனது.

பொறுப்பை யார்மேல் சுமத்துவது என்பதில் கட்சி எச்சரிக்கையாக நடந்துகொண்டது. பழி முழுவதும் லின் பியாவ், ஜியாங் சிங் உள்ளிட்ட ‘நால்வர் கும்பல்’, காங் ஷெங் ஆகியோர்மீது விழுந்தது. லின் பியாவ் 1971இல் விமான விபத்தில் இறந்திருந்தார். 1975இல் இறந்திருந்த காங் ஷெங்கை 1980 அக்டோபரில் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ஜியாங் சிங்கை விசாரித்த நீதிமன்றத்தில் வாங் குவாங்மெய் பார்வையாளராக அமர்ந்திருந்தார். மாவோவின் பங்கு 1981 ஜூன் தீர்மானத்தில் ‘மாபெரும் புரட்சியாளரின் பிழை’ என்ற அளவோடு நின்றது. லியு வகித்த குடியரசுத் தலைவர் பதவியை 1975 அரசியல் சட்டம் அடியோடு நீக்கியிருந்தது. 1982 சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு லி சியான்னியன் அந்தப் பதவியில் அமர்ந்தார்.