காலுக்குத் தெரியும் அரை அங்குலம்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 36-ஆம் தெரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவுதான். 2012-இல் ஒருவர் அதன் எதிரே கேமராவுடன் நின்றார். ஏறி வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே படியில் தடுக்கினார்கள். குழந்தையைத் தூக்கி வந்தவரும் தப்பவில்லை. அந்த வீடியோ பரவிய பிறகு நிர்வாகம் படிக்கட்டை மூடிச் சரிசெய்தது.

தினமும் ஏறியவர்களின் கண்ணுக்கு அந்தப் படி வித்தியாசமாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அப்புறம் படியின் விளிம்பை ஒட்டினாற்போலத்தான் தூக்கி வைக்கிறது. இடையில் ஒரு படி அரை அங்குலம் ஏமாற்றினாலும் கட்டைவிரல் இடித்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதிநூல், ஒரே படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது.

சரி, ஒரு படி எவ்வளவு உயரம் இருக்கலாம்? பிரான்ஸின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கொரு கணக்குச் சொன்னார். சமதரையில் மனிதர் வைக்கும் எட்டு, பாரிஸின் பழைய அளவில் 24 அங்குலம். ஓர் அங்குலம் மேலே ஏறினால் அந்த எட்டின் நீளம் இரண்டு அங்குலம் குறையும். ஆகவே, படி உயரத்தின் இரு மடங்கோடு படி அகலத்தைக் கூட்டினால் 24 வர வேண்டும். இன்றைய அளவில் அது சுமார் 65 செ.மீ. இப்போது 60 முதல் 65 செ.மீ. வரை சரி என்று கொள்கிறார்கள்.

நம் வீடுகளில் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் வைத்தால் கூட்டுத்தொகை 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. கச்சிதம். ஆனால் 8 அங்குல உயரம், 8 அங்குல அகலம் வைத்தாலும் அதே 24 வரும்; இறங்கும்போது பாதம் முழுதாகப் படியில் பதியாது. அதனால் இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தனியே எல்லை போட்டிருக்கிறது: வீடுகளில் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அகலம் 250 மி.மீ.க்குக் கீழே வரக் கூடாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஏழால் வகுத்தால் 18 ஏற்றம். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே கொண்டுவிடுவதால் கால் வைக்கும் படி 17 போதும். தலா 10 அங்குல அகலம் என்றால் நீளம் 14 அடி 2 அங்குலம்.

இங்கேதான் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்: லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்... மேல்தளத்தை எண்ணாவிட்டால் 17, லாபம். எண்ணினால் 18, நஷ்டம்! எண்ணிக்கையை ஒற்றைப்படையாக்க அடியில் ஒரு குட்டிப் படியை ஒட்டவைப்பதும் நடக்கிறது. புரூக்ளின் படியை நாமே காசு கொடுத்துக் கட்டிக்கொள்வது போலத்தான் அது. மாற்ற வேண்டுமென்றால் மொத்த உயரத்தையும் 19-ஆல் வகுக்கலாம். ஒவ்வொரு படியும் 6.6 அங்குலத்துக்கு இறங்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் சுகம். அகலத்தைப் பத்தரை அங்குலமாக்கினால் புளொண்டெல் கணக்கும் ஒத்துவரும். நீளம் மட்டும் சுமார் ஒன்றரை அடி கூடும்.

பெரும்பாலான தவறுகள் நடப்பது வகுத்தலில் அல்ல, டைல்ஸில். கொத்தனார் 18 ஏற்றத்தையும் துல்லியமாக ஏழு அங்குலத்தில் கான்கிரீட் போட்டுவிடுகிறார். பிறகு கீழ்த்தளத்தில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறுகிறது. படிகளில் கிரானைட் ஒன்றேகால் அங்குலம். மேல்தளத்தில் 2 அங்குலம். முடிவில் முதல் ஏற்றம் ஐந்தேகால் அங்குலம், கடைசி ஏற்றம் ஏழே முக்கால். நடுவில் உள்ளவை மட்டும் ஏழு. கான்கிரீட் காய்ந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

எனவே அளவு டேப்பை வெறும் கான்கிரீட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. தரை வேலை முடிந்தபின் இரு தளங்களும் எந்த மட்டத்தில் நிற்குமோ, அந்த இரு கோடுகளையும் டியூப் லெவல் வைத்துச் சுவரில் முதலில் குறிக்க வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள உயரத்தைச் சமமாகப் பிரித்துப் படிகளைச் சுவரிலேயே வரைந்து, ஒவ்வொன்றிலும் கிரானைட்டின் கனத்தைக் கழித்தால் வருவதுதான் கான்கிரீட் மட்டம். இதற்கு அரை நாள் பிடிக்கலாம். சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன்பே, வீட்டிலுள்ள பெரியவரை அழைத்து அந்தச் சுவர்க்கோட்டைக் காட்டிவிடலாம். லாப நஷ்டத்தை அவர் அங்கேயே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.