வார்தாவில் ஒரு சீனத் தாய்

புது தில்லி: 2021 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், சீனாவில் ஒரு மூதாட்டி காலமானார். இந்தியாவில் வாழும் அவரது மகள், கரோனா பரவலால் ஓராண்டாகத் தாயைப் பார்க்கச் செல்ல முடியாமல் இருந்தார். இத்துயரச் செய்தியை ட்விட்டரில் பகிர்ந்த பேத்திக்கு ஆறுதலோடு வசையும் வந்து சேர்ந்தது. கரோனா என்று எழுதியது ஏன், சீன வைரஸ் என்று எழுதாதது ஏன் எனச் சிலர் கேட்டனர்.

அந்தப் பேத்தி, 2010-ல் தில்லி காமன்வெல்த் போட்டியில் அஸ்வினி பொன்னப்பாவுடன் இணைந்து பாட்மிண்டன் இரட்டையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற ஜுவாலா கட்டா.

அவரது தாய் யேலன், 1977-ல் தம் தாத்தாவுடன் இந்தியாவுக்கு வந்தார். தாத்தா காந்தியடிகளுடன் பழகியவர் என்றும், காந்தியின் சுயசரிதையைச் சீன மொழியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தார் என்றும் குடும்பத்தினர் தெரிவித்துள்ளனர். புனே எரவாடா சிறையிலிருந்து விடுதலையான பின், 1925-ல் 'நவஜீவன்' இதழில் காந்தியடிகள் தொடராக எழுதத் தொடங்கிய நூல் அது.

யேலன் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1962 போருக்குப் பின் முறிந்த தூதர் நிலை உறவு 1976-ல்தான் மீண்டது, கே.ஆர். நாராயணன் அவ்வாண்டு பெய்ஜிங்குக்குத் தூதராகச் சென்றார். அடுத்த ஆண்டே இந்தியா வந்த சீனப் பெண், ஆந்திரத்தைச் சேர்ந்த கிராந்தி கட்டாவை மணந்தார். காந்தியடிகளின் சேவாகிராமம் அமைந்துள்ள மகாராஷ்டிரத்தின் வார்தாவில் 1983 செப்டம்பர் 7-ல் ஜுவாலா பிறந்தார். பின்னர் ஹைதராபாதில் வளர்ந்தார்.

இதற்கு நேரெதிரான பயணமும் மகாராஷ்டிரத்துக்கு உண்டு. சோலாப்பூரில் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ், 1938-ல் சீனா சென்று, போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். செவிலியர் குவோ சிங்லானை மணந்தார். இருவருக்கும் பிறந்த மகனுக்கு, இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் யின்ஹுவா என்ற பெயர் இடப்பட்டது. 1942 டிசம்பரில் கோட்னிஸ் மறைந்தார். இன்றும் இரு நாட்டுத் தலைவர்களும் நட்புக்கு எடுத்துக்காட்டாக அவரைக் குறிப்பிடுகின்றனர்.

ஆனால் உறவு கசந்தபோது அதன் சுமையைக் குடும்பங்களே தாங்கின. 1962-ல் சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். தாய்மார்களும் குழந்தைகளும் அவர்களில் அடங்குவர். முகாமிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு. போர் ஒரு மாதத்தில் முடிந்தது. சிலரின் சிறைவாசமோ 1967 வரை நீடித்தது. பின்னர் கனடாவில் குடியேறிய முகாம்வாசிகள், இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் எனக் கோரி வந்துள்ளனர்.

ஜுவாலா பிறந்த காலத்தில் சட்டம் தாராளமாக இருந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தோர், தூதரக அதிகாரிகளின் குழந்தைகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் குடிமக்களே. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராயினும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது. விசா காலம் முடிந்தும் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறியே. தாயின் விசாவில் ஏற்படும் தவறு, குழந்தையின் குடியுரிமையையே பறிக்கக்கூடும்.

தாய்க்கும் எளிய வழி இல்லை. இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஏழாண்டுகள் இங்கு வசித்த பின்னரே பதிவு மூலம் குடியுரிமை கோரலாம். இந்தியாவும் சீனாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியரானால், பெற்ற தாயைப் பார்க்கவும் சீன விசா வேண்டும். சீனராகவே நீடித்தால், தம் பிள்ளைகள் வாக்களிக்கும் தேர்தலில் தமக்கு வாக்கு இல்லை.

2020-ல் கரோனாவாலும் கல்வான் மோதலாலும் முடங்கிய போக்குவரத்து மெல்லத் திரும்பி வருகிறது. 2025 ஜூலையில் சீனர்களுக்குச் சுற்றுலா விசா வழங்குவதை இந்தியா மீண்டும் தொடங்கியது. அக்டோபரில் நேரடி விமானங்களும் பறக்கத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில், ஜுவாலாவுக்கும் அவரது கணவரான தமிழ்த் திரைப்பட நடிகர் விஷ்ணு விஷாலுக்கும் பெண் குழந்தை பிறந்தது. வார்தாவில் தொடங்கிய அக்குடும்பத்தின் உறவு இன்று தமிழகம் வரை நீண்டுள்ளது. யேலனின் தாய்க்காக மட்டும் அந்த விமானங்கள் நான்காண்டுகள் தாமதமாகிவிட்டன.