32 டிகிரியில் திறக்கும் துளை

நீரின் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் வடிகட்டிச் சவ்வுகள் உண்டு. அந்த வேலையைச் செய்வது சவ்வு அல்ல, அதன் துளைச் சுவரில் ஒட்டி வளர்த்த பாலிமர் சங்கிலிகள்.

பெரும்பாலும் ஆய்வாளர்கள் எடுப்பது 'பினிபாம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிமர். சுமார் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது நீரை உறிஞ்சி உப்பி நிற்கும்; துளை குறுகும். அதற்கு மேலே நீரைக் கைவிட்டுச் சுவரோடு ஒட்டிச் சுருங்கும், துளை அகலும். சூட்டுக்குப் பதில் அமில காரத் தன்மைக்கு அசைய வேண்டுமென்றால் பாலிஅக்ரிலிக் அமிலம். காரம் கூடினால் அதன் சங்கிலிகள் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி நீளும்.

சங்கிலியின் நீளம் சிறிது மாறினாலே ஓட்டம் பெரிதாக மாறும். துளையில் ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 200 நானோமீட்டர் அகலத் துளையில் சங்கிலிப் படலம் சுருங்கும்போது 25, உப்பும்போது 75 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழி 150-இலிருந்து 50 ஆகிறது. ஓட்டம் 81-இல் ஒரு பங்காகிவிடும். குறைவாக ஒட்டினால் இந்த வித்தியாசமே தெரியாது. அதிகம் ஒட்டினாலோ, சுருங்கிய நிலையிலும் வழி அடைபட்டிருக்கும். சங்கிலிகள் நெருக்கமாக நின்றால் இன்னொரு சிக்கல்: ஏற்கெனவே ஒன்றையொன்று தள்ளி நிமிர்ந்து நிற்பவை, மேலும் உப்ப இடமிருக்காது. ஆகவே எவ்வளவு ஒட்டினோம் என்ற எடைக் கணக்கு மட்டும் போதாது. நீளமும் நெருக்கமும் தனித்தனியே தெரிய வேண்டும். இரண்டையும் ஓரளவு கட்டுப்படுத்த உதவுவது, 1995-இல் அறிமுகமான ஏடிஆர்பி என்ற பாலிமராக்க முறை.

ஓட்டம் கூடியதெல்லாம் பாலிமரின் சாதனை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 25-இலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் நீரே இளகி, வெறும் சவ்விலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம் ஓடும். ஒட்டாத சவ்வையும் பக்கத்தில் வைத்து அளக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

துளை முழுக்க பினிபாம் நிரம்பி ஜெல் ஆகிவிட்டால் கதை தலைகீழ். உப்பிய ஜெல்லின் நீர் வழியே கரைபொருள் ஊடுருவும். சூடேறி ஜெல் இறுகினால் அந்த வழி குறையும். அதே பாலிமர்தான், ஆனால் இப்போது சூட்டில் மூடிக்கொள்கிறது.